ஆர்சி கார் சொன்னபடி கேட்கவில்லையா? ரேடியோவைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

"அண்ணே, சிக்னல் போயிருச்சு." மதுரையில் என் ரிப்பேர் கடைக்கு ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ரேடியோ, டேப் ரிக்கார்டர், டிவி என்று பார்த்துப் பழகிய கை எனக்கு. அந்தச் செட்டுகள் வருவது குறைந்துவிட்டது. இப்போது இந்தக் கார்கள் வருகின்றன. மேசையில் வைத்துப் பார்த்தால் சிக்னல் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், கனெக்டர் லூசாகியிருக்கும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோவில் பல் போயிருக்கும், அல்லது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி சூடேறித் தன்னைத்தானே நிறுத்தியிருக்கும். அதற்குள் பையன் புது ரிமோட்டும் ரிசீவரும் ஆர்டர் போட்டிருப்பான். மாதக் கணக்கில் சேர்த்த காசு அது. அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே, நான் மேசையில் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டளை எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டும். ரிமோட்டின் வீலைத் திருப்பினால், அதன் அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும். பழைய ரேடியோவில் வால்யூம் கண்ட்ரோல் என்று சொன்னோமே, அதே பாகம்தான். ரிமோட் அந்த அளவை அலையாக அனுப்புகிறது. ரிசீவர் அதை வாங்கி, ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்குச் சுமார் 50 தடவை ஒரு சிறு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிசெகண்டு என்றால் நடு நிலை. 1-ஐ நெருங்கினால் ஒரு பக்கம், 2-ஐ நெருங்கினால் மறுபக்கம். வழக்கமாகச் சேனல் 1 ஸ்டியரிங் சர்வோவுக்கு, சேனல் 2 இ.எஸ்.சிக்கு. இ.எஸ்.சி மோட்டாரை ஓட்டுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் ஊட்டுகிறது. இதைச் செய்யும் பகுதிக்கு பி.இ.சி என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பல கோளாறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நான் சொல்லப்போவது ரிசீவர், சர்வோ, இ.எஸ்.சி மூன்றும் தனித்தனியாக இருக்கும் ஹாபி கார்களுக்குப் பொருந்தும். பொம்மைக் கடையில் வாங்கும் கார்களிலும், சில சின்ன ஹாபி கார்களிலும் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். ஸ்டியரிங் மோட்டாருக்கு 5 ஒயர் போகும். அதில் பேட்டரி, ஒயர், மோட்டார் வரை பார்க்கலாம். போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

காரைக் கட்டை மேல் ஏற்றுங்கள்

எந்தச் சோதனைக்கும் முன்னால், நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுழலும்படி காரை ஒரு கட்டை மேலோ உறுதியான டப்பா மேலோ ஏற்றி வையுங்கள். சோதனையின் நடுவில் கார் தானாகக் கிளம்பலாம், மேசையிலிருந்து பாயலாம். கூந்தல், துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் சக்கரத்தின் பக்கம் போகக்கூடாது.

ஆன் செய்யும்போது ரிமோட் முதலில், கார் அடுத்து. ஆஃப் செய்யும்போது கார் முதலில், ரிமோட் கடைசியில். இந்த வரிசை கையில் ஊறிவிட வேண்டும். காரை ஆன் செய்யும்போது ரிமோட்டில் வேகம் கொடுக்கும் டிரிக்கரைத் தொடாதீர்கள். பல இ.எஸ்.சிகள் அந்த நேரத்தில் வரும் துடிப்பைத்தான் நடு நிலை என்று எடுத்துக்கொள்கின்றன.

ஸ்டியரிங் திரும்புகிறதா?

கார் நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "நின்ன நேரத்துல ஸ்டியரிங் திரும்புச்சா?" இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

ஸ்டியரிங் திரும்புகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை என்றால் ரேடியோ இணைப்பு உயிரோடு இருக்கிறது. ரிமோட், ரிசீவர், இரண்டையும் ஜோடி சேர்க்கும் பைண்ட் எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் இ.எஸ்.சி, மோட்டார், பேட்டரி, அல்லது சேனல் 2 ஒயர் என்ற வட்டத்துக்குள் இருக்கிறது.

மோட்டார் ஓடுகிறது, ஸ்டியரிங் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் சர்வோவும் அதைச் சேர்ந்த கம்பிகளும்.

இரண்டும் ஒரே நேரத்தில் செத்து, சில விநாடியில் தானாக வந்தால் முதல் சந்தேகம் பி.இ.சி மின்சாரம், இரண்டாவதுதான் ரேடியோ. இரண்டும் செத்து, திரும்ப வரவே இல்லை என்றால் ரிசீவரின் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையா, மின்சாரம் வரவில்லை. விளக்கு மின்னுகிறதா, பெரும்பாலான ரிசீவர்களில் ரிமோட்டைக் காணவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் பைண்ட், ஏரியல் என்று யோசிக்க வேண்டும்.

மின்சாரம்

ரிமோட்டிலிருந்து தொடங்குங்கள். 4 டபுள் ஏ செல் போடும் ரிமோட்டில் புது அல்கலைன் செல் என்றால் மொத்தம் 6 வோல்ட் இருக்கும். ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட் என்பதால் மொத்தம் 4.8 தான், சில ரிமோட் அதையே இறங்கிவிட்ட பேட்டரி என்று நினைத்துக் கத்தும், அது கோளாறு அல்ல. செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காது குடையும் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிடுங்கள். அல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம், சாற்றின் புளிப்பு அதைக் கரைத்துவிடும்.

அடுத்து காரின் பேட்டரி. இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் பக்கம் இறங்கினால் பெரும்பாலான இ.எஸ்.சிகள் மோட்டாரை விட்டு விட்டு ஓட்டும், அல்லது நிறுத்திவிடும். ஸ்டியரிங் அப்போதும் வேலை செய்யும். "ஆக்சிலரேட்டர் கொடுத்தா திக்கித் திக்கிப் போகுது, விட்டா சரியாகுது" என்று வரும் கார்கள் பல இந்த வகை. பேட்டரியைக் காப்பாற்றத்தான் இ.எஸ்.சி அப்படிச் செய்கிறது. சில இ.எஸ்.சியில் லைபோவா நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். லைபோ போட்டுவிட்டு ஜம்பரை நிக்கலில் வைத்திருந்தால் கட்-ஆஃப் சரியாக வேலை செய்யாது, பேட்டரி கெட்டுப்போகும். இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மல்டிமீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 8 வோல்ட் காட்டும் பழைய பேட்டரி, சுமை ஏறியவுடன் சரியலாம். சக்கரத்தை அந்தரத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் அப்போது சுமையே இல்லை. நண்பரிடமிருந்து ஒரு நல்ல பேட்டரியை வாங்கிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதே நேரான வழி.

பேட்டரி கனெக்டரையும் பாருங்கள். ஓடி முடித்தவுடன் கனெக்டர் விரலைச் சுட்டால், உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது அல்லது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. டிவியில் டிரை சோல்டர் என்று நாங்கள் சொல்வது இங்கும் உண்டு: பார்க்க ஒட்டியது மாதிரி இருக்கும், தட்டினால் விட்டுவிடும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, ஃபிளக்ஸ் தொட்டு, நல்ல சூட்டில் புதிதாக வையுங்கள். லைபோவின் இரண்டு ஒயரையும் ஒரே நேரத்தில் வெட்டவோ உரிக்கவோ கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ஒன்றை முடித்து டேப் சுற்றிவிட்டுத்தான் அடுத்தது.

ஒயரை ஆட்டிப் பாருங்கள்

ஹாபி கார் குதிக்கிறது, உருள்கிறது, சுவரில் மோதுகிறது. அதனால் லூஸ் காண்டாக்ட் இதில் சகஜம். கார் கட்டை மேல் ஆனில் இருக்கட்டும். நண்பர் ஸ்டியரிங்கை மெதுவாக இடம் வலம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஒயரையும் கனெக்டர் பக்கத்திலும் நடுவிலும் தள்ளிப் பாருங்கள். எந்த ஒயரைத் தொடும்போது சர்வோ துள்ளுகிறதோ, நிற்கிறதோ, அதுதான் ஆள். வெளியே இன்சுலேஷன் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழை முறிந்திருக்கும். சேசிஸ் விளிம்பில் உரசும் இடமும் கனெக்டருக்குள் நுழையும் இடமும்தான் முறியும்.

சர்வோ ஒயர் மூன்று: கருப்பு அல்லது பிரவுன் நெகட்டிவ், நடுவில் சிவப்பு பாசிட்டிவ், வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். சிவப்பு நடுவில் இருப்பதால் திருப்பிச் செருகினாலும் பொதுவாக எதுவும் எரியாது, ஆனால் வேலையும் செய்யாது. கழுவிவிட்டுத் திரும்ப மாட்டிய கார்களில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எந்தப் பக்கம் சிக்னல் என்று ரிசீவர் மேலேயே குறி போட்டிருக்கும்.

மாற்றிச் செருகும் சோதனை

இதற்கு மீட்டர் வேண்டாம், காசு வேண்டாம். ஆனால் எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சோதனை வேறு இல்லை.

ஸ்டியரிங் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மோட்டார் ஒயரை இ.எஸ்.சியிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றிய முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றுங்கள். இப்போது ரிசீவரில் சேனல் 1-இல் இருக்கும் சர்வோவை சேனல் 2-இல் செருகுங்கள். இ.எஸ்.சியின் பிளக்கை சேனல் 1-க்கு மாற்றுங்கள். எங்கே செருகினாலும் அதன் வழியாக ரிசீவருக்கு மின்சாரம் வந்துவிடும். ரிமோட், கார் என்ற வரிசையில் ஆன் செய்து, இப்போது டிரிக்கரை இழுங்கள்.

டிரிக்கருக்கு சர்வோ அசைந்தால் சர்வோ நல்லது. கோளாறு ரிசீவரின் சேனல் 1-லோ ரிமோட்டின் வீலிலோ இருக்கிறது. டிரிக்கருக்கும் அசையவில்லை என்றால் சர்வோவோ அதன் ஒயரோ போயிருக்கிறது. இதை உறுதி செய்ய, நன்றாக வேலை செய்யும் இன்னொரு சர்வோவைச் சேனல் 1-இல் செருகிப் பாருங்கள். வீல் திருப்பும்போது அது அசைந்தால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மோட்டார் ஓடாத காருக்கும் இதே வழி. நல்ல சர்வோவை சேனல் 2-இல் வைத்து டிரிக்கரை இழுத்தால் அது அசைகிறது என்றால், ரிசீவர் வரை கட்டளை வந்து சேர்கிறது. இனி இ.எஸ்.சியையும் மோட்டாரையும் மட்டும் பார்த்தால் போதும். அதனால்தான் உங்கள் பெட்டியில் ஒரு சாதாரண சர்வோ எப்போதும் இருக்கட்டும் என்கிறேன். ஒரு திருகு மட்டும் இருக்கும் சர்வோ டெஸ்டரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களிலோ ஆன்லைனிலோ கிடைக்கிறது. ரிமோட்டும் ரிசீவரும் இல்லாமலே சர்வோவுக்கும் இ.எஸ்.சிக்கும் நேராகத் துடிப்பு கொடுக்கும். நிறைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது உபயோகம்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரியையும் சர்வோவையும் சேர்த்து மாற்றி கார் சரியானால், எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. கெட்ட பாகம் திரும்பப் பெட்டிக்குள் போய், அடுத்த மாதம் வேறு காரில் ஏறும்.

சர்வோ செய்யும் வேடிக்கைகள்

மோட்டார் சத்தம் வருகிறது, சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் ஆர்ம் அசையவில்லை அல்லது பாதியில் நழுவுகிறது: உள்ளே பல் போயிருக்கிறது. பிளாஸ்டிக் பல் உள்ள சர்வோக்களுக்கு ஒரு மோதல் போதும். சில சர்வோக்களுக்கு பல் செட் தனியாகக் கிடைக்கும். இல்லையென்றால் மெட்டல் கியர் சர்வோவாக வாங்குங்கள்.

சர்வோ நன்றாகத் திரும்புகிறது, சக்கரம் மட்டும் சோம்பலாகத் திரும்புகிறது: மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சர்வோ சேவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஸ்டியரிங் இணைப்புகளில் மண் இறுகியிருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

கார் சும்மா நிற்கும்போதே சர்வோ நடு நிலையில் துடித்துக்கொண்டே இருக்கிறது: சர்வோவுக்குள்ளும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் இருக்கிறது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அதன் கார்பன் தடம் நடுவில்தான் தேயும். தேய்ந்த வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கிறதே, அதே நோய். வீலை லேசாகத் திருப்பிப் பிடித்தால் துடிப்பு நின்றுவிடும். அது இந்த நோய்க்கு அடையாளம். வேறு நல்ல சர்வோ போட்டும் அதே இடத்தில் துடித்தால், ரிமோட்டின் வீலுக்கு அடியில் உள்ளதைச் சந்தேகப்படுங்கள். காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, வீலைப் பல தடவை முழுதாகத் திருப்பினால் பல நேரம் சரியாகிவிடும்.

நேராக ஓடவில்லை என்றால் ரிமோட்டில் நடு நிலையைச் சரி செய்யும் டிரிம்மைத் திருகுவதற்கு முன் ஆர்மைக் கழற்றுங்கள். டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, கார் ஆனில் இருக்கும்போது, ஆர்மை எவ்வளவு நேராக உட்கார வைக்க முடியுமோ அப்படி வைத்துத் திருகு போடுங்கள். 25 பல் உள்ள தண்டில் ஒரு பல் தள்ளினால் 14.4 டிகிரி மாறும். அதனால் துல்லியமாக நடுவில் உட்காராது. மிச்சத்தைத்தான் சப்-டிரிம்மில் சரி செய்ய வேண்டும். ஃபுடாபா, சாவாக்ஸ் சர்வோக்கள் 25 பல், ஹைடெக் பெரும்பாலும் 24, சன்வாவும் கே.ஓ. புரோப்போவும் 23. பல் எண்ணிக்கை ஒத்துப்போகாத ஆர்மை அழுத்தி ஏற்றினால் தண்டு கெட்டுவிடும்.

கடைசியாக எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்று ரிமோட்டில் வைக்கும் எல்லை. வீலை முழுதாகத் திருப்பிப் பிடியுங்கள். சர்வோ "உம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருந்தால், சக்கரம் முட்டி நின்ற பிறகும் அது தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தின் எண்ட் பாயிண்டை முனகல் நிற்கும் வரை குறையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாததால் எரிந்த சர்வோக்கள் என் மேசையில் நிறையக் கிடந்திருக்கின்றன. அடுத்து சொல்லப்போகும் பெரிய வியாதிக்கும் இது ஒரு காரணம்.

திடீரென்று எல்லாம் செத்து உயிர் பெறுவது

வளைவில் வேகமாகத் திருப்பும்போது கார் ஒரு விநாடி கட்டுப்பாட்டை இழந்து, மறுபடி பிடித்துக்கொள்கிறது. "ரேஞ்ச் இல்லண்ணே" என்பார்கள். பத்தடி தூரத்திலேயே நடக்கிறது என்றால் அது எப்படி ரேஞ்ச் பிரச்சினையாகும்?

நடப்பது இது: திருப்புவிசை அதிகமுள்ள பெரிய சர்வோ முட்டித் தள்ளும்போது சில ஆம்பியர் மின்சாரம் கேட்கும். காரோடு வந்த இ.எஸ்.சியின் பி.இ.சி 2 ஆம்பியர்தான் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் யாரோ குழாயைத் திறந்தால் கீழே தண்ணீர் மெலிகிற மாதிரி, சர்வோ இழுத்தவுடன் ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் சரிகிறது. ஒரு அளவுக்குக் கீழே போனதும் ரிசீவர் அணைந்து, மறுபடி எழுந்து, ரிமோட்டைத் தேடுகிறது. அந்த இடைவெளியில் கார் யாருடைய பேச்சையும் கேட்காது.

சோதிப்பது எளிது. ரிசீவரில் காலியாக உள்ள சேனலில் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். முன் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நண்பரை வீலைச் சட்டென்று இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். 6 வோல்ட் இருந்தது 5-க்குக் கீழே ஆடினாலே எச்சரிக்கை, 4-ஐத் தொட்டால் நோய் அதுதான். சாதாரண மீட்டர் மெதுவானது. கண்ணில் படுவதைவிட உண்மையான சரிவு ஆழமாக இருக்கும். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் MIN ஹோல்ட் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ரிசீவரின் விளக்கையும் பாருங்கள், அணைந்து எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து மூன்று. முதலில் எண்ட் பாயிண்டைச் சரி செய்யுங்கள், அது இலவசம். அடுத்தது, காலிச் சேனலில் 4700 மைக்ரோஃபாரட், 10 அல்லது 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. பழைய சர்வோ பிளக் ஒன்றை வெட்டி, நீளக் காலைச் சிவப்பிலும், கோடு போட்ட பக்கத்துக் காலைக் கருப்பிலும் ஈயம் வைத்து, சிக்னல் ஒயரை வெட்டிவிட்டு, மேலே ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் கெப்பாசிட்டர் வெடிக்கும், இரண்டு தடவை பாருங்கள். இது சின்னச் சரிவைத் தாங்கும். பெரிய சர்வோவுக்கு அது போதாது, தனி பி.இ.சி ஒன்று வாங்கிப் பேட்டரியிலிருந்து நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது இ.எஸ்.சி பிளக்கின் சிவப்பு ஊசியை மட்டும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு மின்சாரமும் ஒன்றோடொன்று மோதும். சர்வோ எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துத்தான் பி.இ.சியின் வோல்டேஜை வைக்க வேண்டும்.

இ.எஸ்.சி பக்கம்

ரிமோட்டைத் தொடாமலே கார் மெல்ல நகர்ந்தால் டிராட்டில் டிரிம் நடுவில் இல்லை. நடுவில் வைத்தும் நகர்ந்தால் இ.எஸ்.சிக்குப் புதிதாக நடு, முழு வேகம், முழு பிரேக் மூன்றையும் சொல்லித்தர வேண்டும். பட்டனும் விளக்கும் மாடலுக்கு மாடல் மாறும், அதற்கு உங்கள் இ.எஸ்.சியின் தாளைப் பாருங்கள். ரிமோட் மாற்றினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி நின்று, சில நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது, ஸ்டியரிங் எப்போதும் உண்டு என்றால் அது சூடு. மோட்டார் தண்டில் உள்ள பினியன் பல்சக்கரம் பெரிதாக இருக்கலாம், உயரமான புல்லில் ஓட்டியிருக்கலாம், சித்திரை வெயிலில் பாடியை இறுக்கி மூடி ஓட்டியிருக்கலாம். பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத) மோட்டார் கிளம்பும்போது திக்கி நடுங்கினால் மூன்று ஒயரில் ஒன்று விட்டிருக்கும். சென்சார் உள்ள மோட்டார் என்றால் அந்தச் சின்னக் கேபிளையும் பாருங்கள்.

பிரஷ் மோட்டார்கள் உள்ளே பொறி பறக்க ஓடுபவை. அந்தப் பொறியே ஒரு ரேடியோ ஒலிபரப்புதான். அதை அடக்க மூன்று செராமிக் கெப்பாசிட்டர் வேண்டும். ஒவ்வொன்றும் 0.1 மைக்ரோஃபாரட், மேலே 104 என்று எழுதியிருக்கும். இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று. உடலை அரம் கொண்டு சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால்தான் பிடிக்கும். டிரிக்கர் இழுக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துள்ளினால் இவற்றில் ஒன்று விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இவை கூடாது.

இனி ரேடியோ

இவ்வளவும் தாண்டி வந்த காரை மட்டும் ரேடியோ நோயாளியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. வைஃபையும் ப்ளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான ஹாபி செட்டுகள் அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றிக்கொள்வதால், ஒரு மைதானத்தில் பலர் சேர்ந்து ஓட்ட முடிகிறது. பக்கத்து வீட்டு வைஃபையைக் குறை சொல்வதற்கு முன் ஏரியலைப் பாருங்கள்.

2.4-இல் ஓர் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 3.1 சென்டிமீட்டர், ரிசீவர் ஒயரின் நுனியில் மெல்லியதாகத் தெரிகிறதே, அதுதான் உண்மையான ஏரியல். அதற்கு முந்தைய தடித்த பகுதி வெறும் கோஆக்சியல் ஒயர், அலையைக் கொண்டு வருவது மட்டும் அதன் வேலை. நுனி வெட்டுப்பட்டாலோ நசுங்கினாலோ ரேஞ்ச் சரிந்துவிடும். அதை பிளாஸ்டிக் குழாயில் விட்டு, செங்குத்தாக, மோட்டார் ஒயரிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். கார்பன் ஃபைபர், அலுமினியத் தகடு இரண்டும் அலையை மறைக்கும். ஏரியல் அவற்றோடு ஒட்டிப் படுக்கக்கூடாது. ரிமோட்டில் வெளியே ஏரியல் இருந்தால் அதன் முனையைக் காரை நோக்கி நீட்டாதீர்கள். முனையின் நேர்த் திசையில்தான் அலை மிகவும் பலவீனம்.

ரேஞ்ச் சோதனையைத் தரையில் செய்யுங்கள். கார் தரையோடு தரையாக ஓடுகிறது, அங்கே சிக்னல் எப்போதும் கொஞ்சம் குறைவு. நண்பர் காரைச் சக்கரம் மண்ணில் படாமல் தாழப் பிடித்திருக்கட்டும். நீங்கள் வீலை ஆட்டிக்கொண்டே நடந்து விலகுங்கள். திரும்பி நின்று உங்கள் உடம்பு நடுவில் மறைக்கும்படியும் பாருங்கள், மனித உடம்பின் தண்ணீர் 2.4 அலையை நன்றாக விழுங்கும். திறந்த மைதானத்தில் 100 மீட்டர் பக்கம் வரை தயங்காமல் வர வேண்டும். 20 மீட்டரிலேயே திணறினால் ஏரியல் அல்லது ரிசீவர்.

மழை நீரில், சேற்றில் ஓட்டிய காரின் ரிசீவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஊசிகளில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி.

பைண்ட் விட்டுப்போவது அபூர்வம், ஆனால் உண்டு. பொதுவாக ரிசீவரின் பேட்டரித் துளையில் பைண்ட் பிளக்கைச் செருகி, காரை ஆன் செய்து, விளக்கு வேகமாக மின்னும்போது ரிமோட்டில் பைண்ட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்ய வேண்டும். சில செட்டுகளில் ரிசீவரிலேயே பட்டன். இரண்டையும் ஒட்டி வைக்காமல் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள், மிக நெருக்கத்தில் ரிசீவர் திணறும். பைண்ட் ஆகவே இல்லை என்றால் இரண்டும் ஒரே பாஷை பேசுகின்றனவா என்று பாருங்கள். ஃபுடாபா ரிமோட் ஸ்பெக்ட்ரம் ரிசீவரோடு சேராது. ஃப்ளைஸ்கை கம்பெனியிலேயே ஏ.எஃப்.எச்.டி.எஸ் என்ற பாஷை வேறு, ஏ.எஃப்.எச்.டி.எஸ் 2ஏ வேறு. ஆன்லைனில் ரிசீவர் வாங்கும்போது ரிமோட்டின் மாடலைவிட இந்தப் பெயரைத்தான் ஒத்துப் பார்க்க வேண்டும்.

யாரிடமாவது பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. அதில் கிரிஸ்டல் இரண்டு. ரிமோட்டில் 27.145 என்றால் ரிசீவரில் அதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவானது இருக்கும். வீட்டு ஏ.எம். ரேடியோவின் ஐ.எஃப் (இடைநிலை அலைவரிசை) எண்ணும் அதே 455 தான்! இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. உள்ளே மெல்லிய குவார்ட்ஸ் தகடு என்பதால் ஒரு மோதலில் உடையலாம்; வெளியே எதுவும் தெரியாது. பக்கத்தில் அதே அலைவரிசையைக் காட்டும் அதே நிறக் கொடி உள்ள இன்னொரு கார் ஓடினால் இரண்டும் பைத்தியம் பிடித்து ஓடும், ஒருவர் கிரிஸ்டலை மாற்றத்தான் வேண்டும். அந்த ரிசீவரின் நீள ஏரியல் ஒயரை வெட்டவும் சுருட்டவும் கூடாது.

ஓடவிடும் முன்

ரிசீவர், ரிமோட், பைண்ட் எதை மாற்றினாலும் ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் போனால் கார் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை, மறுபடி வையுங்கள். பல செட்டுகளில் பைண்ட் செய்யும் நேரத்திலேயே அது பதிந்துவிடுகிறது. டிரிக்கரை அப்போது இழுத்திருந்தால் சிக்னல் போகும்போது கார் முழு வேகத்தில் பறக்கும். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள 1/8 (நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு) கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு குழந்தையின் காலில் மோதுவதை நினைத்துப் பாருங்கள். மற்ற எல்லாச் சோதனையையும் நேரமில்லை என்று தள்ளினாலும் இதைத் தள்ளக்கூடாது.

செய்ய வேண்டியது: கார் கட்டை மேல் இருக்கட்டும். டிரிக்கரைப் பாதி இழுத்துச் சக்கரம் சுழலும்போது ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். இந்த ஒரு சோதனைக்கு மட்டும்தான் ரிமோட் முதலில் அணைகிறது. ஓரிரு விநாடிக்குள் சக்கரம் நிற்க வேண்டும், அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பேட்டரியைப் பிடுங்கி, டிராட்டில் நடு நிலையிலோ பிரேக்கிலோ இருக்கும்படி ஃபெயில்சேஃபைப் பதிந்து, திரும்பச் சோதியுங்கள். நின்றது என்று கண்ணால் பார்த்த பிறகு காரை மைதானத்தில் இறக்குங்கள்.